சாரத்தில் தொங்கும் முகம்

பாதி எழும்பிய வீட்டின் சாரத்திலோ, மொட்டை மாடியில் துருத்தி நிற்கும் கம்பியிலோ தெருவைப் பார்த்தபடி கட்டப்படும் கோர உருவமே திருஷ்டி பொம்மை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று சென்னையின் மேற்கே விரியும் ஊர்களில் இது இல்லாத புதுமனைத் தெருவைக் காண்பது அரிது. பழைய வகைக்கு உடம்பு உண்டு: வைக்கோல் திணித்த பழைய சட்டை, கால்சட்டை, மேலே சட்டித் தலை. இப்போது பரவலாக இருப்பது முகம் மட்டும். சிவப்போ கறுப்போ பூசிய பரப்பு. மூக்கை நோக்கிச் சரிந்து இறங்கும் தடித்த புருவம். கருவிழியைச் சுற்றி நாலாபுறமும் வெள்ளை தெரியப் பிதுங்கிய கண். காதுவரை முறுக்கிய மீசை. கடைவாயில் இரண்டு கோரைப்பல். தாடைக்குக் கீழே தொங்கும் நாக்கு. அஸ்திவாரத்துக்கு மேல் சுவர் தலைகாட்டியதும் மேஸ்திரியே நினைவூட்டி வாங்கி வரச் சொல்வார். கிரகப்பிரவேசம் முடிந்தால் கழற்றிவிடுவார்கள். கழற்ற மறந்து, வெயிலில் சிவப்பு வெளுத்து ரோஜா நிறமாகிப்போன முகங்களும் உண்டு.

இதன் வேலை என்ன என்பதற்கு மக்களிடம் இரண்டு விடைகள் இருக்கின்றன. கெட்ட எண்ணத்தோடு பார்ப்பவரைப் பயமுறுத்தும் என்பது ஒன்று. பார்ப்பவரின் முதல் பார்வையைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் என்பது மற்றொன்று, இதுதான் நுட்பமானது. கண்ணேறு, கண்பட்டது, திருஷ்டி என்று பல பெயரில் வழங்கும் நம்பிக்கையின் கணக்குப்படி தீங்கு முதல் பார்வையில்தான் இருக்கிறது. 'கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது' என்பார்கள். வீட்டின் மேல் விழ வேண்டிய அந்த முதல் பார்வை வேறொன்றின் மேல் விழுந்துவிட்டால் அதன் வேகம் தணிந்துவிடும். குழந்தையின் கன்னத்தில் வைக்கும் மைப்பொட்டுக்கும் இதே கணக்குதான். ஆக, திருஷ்டி முகத்தை மனிதப் பார்வைக்குப் போட்ட தூண்டில் என்று சொல்வது பொருந்தும். கோபமான முகத்தைப் பார்க்காமல் எவராலும் கடந்துபோக முடியாது என்ற ஊகம் அந்தத் தூண்டிலின் முள். உளவியலாளர்கள் இதே ஊகத்தை ஆய்வுக்கூடத்தில் சோதிக்கத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்.

முகத்துக்கு முன்னால் இருந்தது சட்டி. இந்த வட்டாரம் ஏரிகளின் வட்டாரம். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, ஆவடிக்கு அருகே பருத்திப்பட்டு ஏரி, பூந்தமல்லிக்கு மேற்கே செம்பரம்பாக்கம் என்று நீர் தேங்கிய இடங்களின் கீழெல்லாம் நெல்லும் தோட்டப் பயிரும் இருந்தன. விளைந்த வயலின் நடுவே கழி நட்டு, அதன் தலையில் கரிபிடித்த சட்டியைக் கவிழ்த்து, சுண்ணாம்பால் புள்ளி குத்திவிடுவது தமிழ்நாட்டு உழவர் வழக்கம். அதற்கு வெருளி என்று பழைய பெயர். வெருட்டுவது வெருளி, பறவையையும் வெருட்டும், பார்வையையும் வாங்கும். 1792 முதல் 1823 வரை தென்னிந்தியாவில் வாழ்ந்த பிரெஞ்சுப் பாதிரியார் துபுவா இந்து மக்களின் வழக்கங்களைப் பற்றி எழுதிய நூலில் இந்தச் சட்டியைக் குறிப்பிடுகிறார். பொறாமைக் கண்கள் பயிரின் மேல் படாமல் சட்டியின் மேல் படவேண்டும் என்பதற்காக வைக்கப்படுவது என்று அவர் கொடுக்கும் விளக்கம், இன்றைக்கு மேஸ்திரி சொல்லும் விளக்கத்திலிருந்து அதிகம் மாறுபடவில்லை. பயமுறுத்தல் அங்கே இரண்டாம் பட்சம். இரண்டு வெள்ளைப் புள்ளிகளைக் கண்ணாகவும், கீழே ஒரு கோட்டை வாயாகவும் படித்துக்கொள்ளும் வேலையைப் பார்ப்பவரின் மூளையே செய்துவிடுகிறது. புள்ளி கண்ணானதும் சட்டி தலையாகிவிடும்; தலைக்கு மீசை வரைய அதிக நாள் ஆகாது.

மீசையும் உருட்டு விழியும் எங்கிருந்து வந்திருக்கும் என்று தேட வெகுதூரம் போக வேண்டாம். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே திருமுல்லைவாயிலில் பச்சையம்மன் கோயில் இருக்கிறது. பச்சையம்மன் வழிபாட்டில் அம்மனுக்குக் காவல் முனிகள். வாழ்முனி, செம்முனி முதலான முனிகளைச் சுதையில், மனிதனைவிடப் பல மடங்கு உயரத்தில், கையில் ஆயுதத்தோடு உட்கார்த்திவைப்பது தொண்டை மண்டலத்து மரபு. அண்ணாந்து பார்ப்பவருக்கு முதலில் தெரிவது கண்தான். கருவிழி நடுவில் ஒரு வட்டமாகத் தனித்து நிற்கும்; எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அது தம்மையே பார்ப்பதாகத் தோன்றும். மீசையோ அரிவாள்போல் வளைந்திருக்கும். கல்லில் செய்த பெருங்கோயில்களிலும் இதற்கு உறவு உண்டு. தோரணங்களின் உச்சியிலும் விமானத்துக் கூடுகளின் மேலும் விழி பிதுங்கி வாய் பிளந்து நிற்கும் கீர்த்திமுகம் அது. ஜாவாவின் பழங்கோயில்களில் வாசலுக்கு மேல் இருக்கும் காலமுகமும், கிரேக்கர்கள் கேடயத்திலும் கோயில் முகப்பிலும் பொறித்த நாக்கு நீட்டிய கோர்கன் முகமும், இலங்கையில் அம்பலாங்கொடைத் தச்சர்கள் செதுக்கும் ராட்சச முகமூடியும் ஏறத்தாழ இதே உறுப்புகளால் ஆனவை. ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்தது என்று இவை அனைத்தையும் விளக்கிவிட முடியாது. மனிதக் கண் எதற்குச் சிக்கும் என்பதை வெவ்வேறு கைவினைஞர்கள் தத்தம் பட்டறையில் தாமே கண்டுபிடித்திருக்க வேண்டும்.

தமிழில் இதை எண்ணிப் பார்க்க ஒரு பழைய கருவி இருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உள்ளத்தில் எழுந்து உடலில் தெரியும் உணர்ச்சிகளை எட்டாக வகுக்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களன் நான்கு. அச்சத்துக்குச் சொல்லப்பட்ட நான்கு அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. திருஷ்டி முகத்தை இந்த நான்கோடு ஒட்டிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். கோரைப்பல் விலங்கு. இயற்கையில் இல்லாத நிறமும் தொங்கும் நாக்கும் அணங்கு. முரட்டு முகவெட்டு கள்வர். முறுக்கு மீசையோ ஊர்க்காவலும் அதிகாரமும், அதாவது இறை. தொல்காப்பியம் படித்துவிட்டுப் பொம்மை செய்தவர் எவரும் இருந்திருக்க மாட்டார். ஆனால் அஞ்சுவதற்கு எவையெவை என்று இலக்கணக்காரர் திரட்டிய பட்டியலும் பொம்மைக்காரர் திரட்டிய பட்டியலும் ஒன்றாக வந்து நிற்கின்றன.

பார்ப்பவருக்கு என்ன நேர்கிறது என்ற கேள்வியையும் அந்த மரபு விட்டுவைக்கவில்லை. மெய்ப்பாட்டியலுக்கு எழுந்த பழைய உரையில் ஓர் இடம் வருகிறது. பேயையோ புலியையோ கண்டு ஒருவன் அஞ்சுகிறான்; அஞ்சிய அவனை இன்னொருவன் பார்க்கிறான். பார்த்தவனுக்கும் அச்சமா வரும்? வராது, சிரிப்போ இரக்கமோதான் வரும் என்பது உரையின் விடை. முகத்தில் தெரிவது ஒன்று, அதைக் கண்டவர் மனத்தில் எழுவது வேறொன்று என்ற இந்தப் பிரிப்பு கூர்மையானது. அஞ்சிய முகம் இரக்கத்தையும், சினந்த முகம் அச்சத்தையும், அளவு மீறிச் சினந்த முகம் நகையையும் எழுப்பும். தெருவில் போகும் சிறுவர்கள் திருஷ்டி பொம்மையைப் பார்த்துத் தாமும் நாக்கை நீட்டிக் காட்டிவிட்டுப் போவது இந்த மூன்றாவது வகை.

ஒரு மனித முகத்தில் சினம் எழும்போது புருவம் நடுவில் தாழும், மேலிமை உயரும், கீழிமை இறுகும். அதனால் விழியின் அடிப்பக்கம் வெள்ளை அதிகம் தெரியாது. நாற்புறமும் வெள்ளை தெரியும்படி விழி விரிவது அச்சத்திலும் திகைப்பிலும்தான். வாய் அகன்று மேல்வரிசைப் பல் முழுக்கத் தெரிவதோ சிரிப்பில். திருஷ்டி முகத்தில் புருவம் வெகுளி, விழி அச்சம், வாய் நகை. மூன்றையும் ஒரே நேரத்தில் காட்டக்கூடிய மனிதர் பிறந்ததில்லை. பார்வை அங்கே தங்கி நிற்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்: எந்த உணர்ச்சி என்று கண்ணால் தீர்மானிக்க முடியவில்லை, தீர்மானிக்கும்வரை கண்ணை எடுக்கவும் முடியவில்லை.

ஆய்வுக்கூட முடிவுகள் பொம்மையின் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு குறிப்பைத் தருகின்றன. 1988-ல் அமெரிக்காவில் அரனாஃப், பார்க்லே, ஸ்டீவன்சன் ஆகிய மூவரும் பல பண்பாடுகளின் மர முகமூடிகளை எடுத்து, அச்சுறுத்தப் பயன்பட்டவற்றையும் மற்றவற்றையும் கோடு கோடாக ஒப்பிட்டார்கள். அச்சுறுத்தும் முகமூடிகளில் சாய்கோடுகளும் கூர்முனைகளும் மிகுந்திருந்தன, மற்றவற்றில் வளைகோடுகள். பின்னாளில் அரனாஃபும் உடன் ஆய்வாளர்களும் முகமே இல்லாமல், கீழ்நோக்கிக் கூர்ந்த வெறும் முக்கோணம்கூடக் கண்ணை விரைவில் இழுப்பதைக் காட்டினார்கள். மூக்கை நோக்கிச் சரியும் புருவம் வரைவது அத்தகைய கூர்முனையைத்தான். 2004-ல் வேலன் குழுவினர், அஞ்சிய கண்ணின் வெள்ளையை மட்டும் 17 மில்லிநொடி நேரம், பார்த்ததாகவே உணர முடியாத வேகத்தில் காட்டினார்கள். மூளையில் அபாயத்தை மதிப்பிடும் அமிக்டலா அதற்கும் துடித்தது. அந்த அமிக்டலா இருபுறமும் சேதமடைந்த ஒரு பெண்ணை அயோவாவில் பல்லாண்டுகள் ஆராய்ந்தார்கள். அஞ்சிய முகத்தை அவரால் அடையாளம் காண முடியவில்லை. 2005-ல் தெரியவந்த காரணம் எளிமையானது: அவர் பிறர் முகத்தில் கண்களைப் பார்ப்பதே இல்லை. 'கண்ணைப் பாருங்கள்' என்று சொன்னதும் அச்சத்தை மற்றவர்களைப் போலவே கண்டுகொண்டார். பொம்மைக்காரர் மற்ற உறுப்புகளில் சிக்கனம் பிடித்தாலும் கண்ணில் பிடிப்பதில்லை என்பதை இதனோடு சேர்த்துப் பார்க்கலாம்.

எல்லா முடிவும் இவ்வளவு நேராக வரவில்லை. கூட்டத்தில் சினந்த முகமே முதலில் கண்ணில் படும் என்று 1988-ல் உளவியலாளர்களான ஹேன்சன் தம்பதி அறிவித்தது பெரிதாகப் பேசப்பட்டது. அவர்கள் காட்டிய படங்களில் இருந்த கருந்திட்டுகளே கண்ணை இழுத்தன என்று 1996-ல் மறுப்பு வந்தது. அதற்குப் பின் நல்ல படங்களைக் கொண்டு செய்த சோதனைகள் இரண்டு பக்கமும் முடிவு தந்திருக்கின்றன. கருந்திட்டு கண்ணை இழுக்கும் என்பதைக் கரிச்சட்டி வைத்த உழவரிடம் சொல்லியிருந்தால் அவர் வியந்திருக்க மாட்டார்.

முகபாவம் பார்த்துக் கற்பதா, பிறவியில் வருவதா என்ற பழைய வழக்குக்கும் இங்கே ஓர் இடம் உண்டு. பிறவியிலேயே பார்வை இல்லாதவர்கள் பிறர் முகம் எதையும் கண்டதில்லை. ஆயினும் 2004 ஏதென்ஸ் பாராலிம்பிக் ஜூடோ போட்டிகளில் வென்றபோதும் தோற்றபோதும் அத்தகைய வீரர்கள் முகத்தில் அசைந்த தசைகள், பார்வையுள்ள வீரர்களுக்கு அசைந்தவையே என்று ஆய்வாளர்கள் மட்சுமோட்டோவும் வில்லிங்ஹாமும் 2009-ல் காட்டினார்கள். முகம் காட்டுவதற்குக் கண் தேவையில்லை. கண்ணேறு நம்பிக்கைக்கோ இரண்டு பக்கமும் கண் தேவை: பார்ப்பவருக்கும் கண், பொம்மைக்கும் கண்.

வயலில் இருந்த சட்டி வாசலுக்கு வந்த கதை, வயல் மனையான கதையோடு சேர்ந்தது. 1949-ல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆலை வந்தது. 1961-ல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை. 1965-ல் அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியேறியது. 1964-ல் ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் அம்பத்தூர் தொழிற்பேட்டை. வேலைக்கு வந்தவர்களுக்கு வீடு வேண்டும். ஏரிப் பாசனம் பாய்ந்த நிலங்கள் மனைப்பிரிவு வரைபடங்களாயின; கடன் வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டும் தனிவீடுகள் தெருத்தெருவாக முளைத்தன. கடனில் எழும்பும் வீடு பல மாதம், சில வேளை பல வருடம், செங்கல் தெரிய நிற்கும். போகிறவர் வருகிறவர் கண்ணெல்லாம் அதன்மேல். விளைந்த பயிருக்கு இருந்த அதே கவலை, அதே நிலத்தில், வீட்டுக்கு மாறியது. உடன் வேலை பார்க்கும் ஒருவர் தமக்கு முன்னால் வீடு கட்டிவிட்டார் என்ற சின்னப் பொறாமைக்கு ஆலைக் குடியிருப்புகளில் பஞ்சமே கிடையாது. அந்தப் பொறாமையை வாய்விட்டுச் சொல்ல முடியாத இடத்தில் சாரத்தின் மேல் ஒரு முகம் தொங்கி அதைப் பேசிவிடுகிறது.

ஆலைக்குள் முகம் பூசணிக்காயில் வந்தது. ஆயுத பூஜையன்று தொழிற்பேட்டைப் பட்டறைகளில் லேத்தும் துளைப்பொறியும் துடைக்கப்பட்டு, சந்தனமும் குங்குமமும் வைக்கப்பட்டு, பொரி, கடலை, அவல் பொட்டலம் எல்லோருக்கும் கொடுக்கப்படும். கடைசியில் வாசலில் திருஷ்டி கழிப்பு. சாம்பல் பூத்த வெண்பூசணி ஒன்றில் கரியால் கண்ணும் மீசையும் வரைந்திருப்பார்கள். மேலே சதுரமாக வெட்டி மூடிபோல எடுத்து, உள்ளே குங்குமமும் சில்லறைக் காசும் போட்டு மூடி, மேலே சூடம் ஏற்றுவார்கள். பட்டறையில் வயதில் மூத்தவரோ, பலசாலி என்று பெயரெடுத்தவரோ அதைத் தூக்கி மூன்று சுற்று சுற்றித் தரையில் ஓங்கி அடிப்பார். காய் பிளந்து குங்குமம் சிதறும்; வெள்ளைச் சதை ரத்தம் பட்டதுபோலச் சிவக்கும்; காசைப் பொறுக்கப் பிள்ளைகள் பாய்வார்கள். பார்வையை வாங்கிய முகம் வாங்கிய பார்வையோடு உடைகிறது. சாரத்துப் பொம்மை மாதக்கணக்கில் செய்யும் வேலையைப் பூசணி ஒரு நிமிடத்தில் முடித்துவிடுகிறது. மறுநாள் காலை அந்தச் சாலைகளில் இரு சக்கர வாகனம் சறுக்குவதும், நடுரோட்டில் பூசணி உடைக்காதீர்கள் என்று காவல்துறை கேட்டுக்கொள்வதும் ஆண்டுதோறும் நடப்பவை.

பூந்தமல்லி வழியே பெங்களூர் போகும் நெடுஞ்சாலையில் முகத்துக்குச் சக்கரம் முளைத்தது. லாரியின் பம்பரிலும் பின்கதவிலும் நாக்கு நீட்டிய அரக்கன், கறுப்புக் கயிற்றில் கட்டிய ஒற்றைச் செருப்பு, கறுப்புக் குஞ்சம். பின்னால் வரும் வண்டிக்காரருக்கு அந்தப் படம் சில அடி தூரத்தில், கண்மட்டத்தில் இருக்கும். இரண்டாம் உலகப் போரில் விமானங்களின் மூக்கில் சுறாவின் வாய் வரைந்தவர்கள் செய்ததும் இதுவே. எதுவும் வரையாவிட்டாலும் வண்டிக்கு முகம் உண்டு: 2008-ல் வியன்னாவில் சோன்யா விண்ட்ஹேகர் குழுவினர் நடத்திய ஆய்வில், கார்களின் முன்பக்கத்தைப் பார்த்தவர்கள் விளக்கைக் கண்ணாகவும் காற்றுவழியை வாயாகவும் கொண்டு, இது முரடன், இது பிள்ளை என்று பெரும்பாலும் ஒத்த தீர்ப்புச் சொன்னார்கள். அம்பத்தூரில் வண்டிப் பாகம் செய்யும் பட்டறையிலிருந்து வெளியே வரும் லாரிக்கு அரக்கன் முகம் இரண்டாவது முகம்தான்.

செய்முறை மாறியபோது பாவமும் மாறியது. சட்டியில் கையால் வரைந்த முகங்களில் ஒன்றைப்போல் இன்னொன்று இராது. காகிதக்கூழ் அச்சு வந்தது. பிறகு பிளாஸ்டிக் தகட்டில் அழுத்திய முகம், ஃபைபர் முகம், ஃபிளக்ஸில் அச்சடித்த முகம். நாட்டு மருந்துக் கடையில் படிகாரம், கறுப்புக் கயிறு, ஆகாச கருடன் கிழங்கு தொங்கும் வரிசையிலேயே இவையும் தொங்கும். ஒரே அச்சில் பிறந்த கோபம் ஒரு தெருவில் ஏழு வீட்டில் இருந்தால் எட்டாவது வீட்டில் எவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஒரே வகை அஞ்சிய முகத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினால் அமிக்டலாவின் எதிர்வினை விரைவில் தணிந்துவிடுகிறது என்று 1996-ல் பிரைட்டர் குழுவினர் கண்டதும் இதுதான். பழக்கம் பயத்தைத் தின்றுவிடும். வியாபாரிகள் பயத்தை விட்டுச் சிரிப்புக்குப் போனது இந்த இடத்தில்: 'என்னைப் பார் யோகம் வரும்' என்ற எழுத்தோடு கடைக் கல்லாவுக்கு மேல் மாட்டும் கழுதைப் படம். கோரமும் இல்லை, கோபமும் இல்லை. பார்த்தவர் முகத்தில் ஒரு முறுவல் வந்தால் போதும், முதல் பார்வை செலவாகிவிட்டது. தூண்டில் அதே தூண்டில், இரை மட்டும் மாறியிருக்கிறது.

வரைந்த கண் உண்மையில் எதையாவது காக்கிறதா என்பதை மாடுகளை வைத்துச் சோதித்திருக்கிறார்கள். போட்ஸ்வானாவில் 14 மந்தைகளைச் சேர்ந்த 2,061 மாடுகளை நான்கு ஆண்டுகள் கவனித்து 2020-ல் வெளியிட்ட முடிவு இது. பிட்டத்தில் கண் வரையப்பட்ட 683 மாடுகளில் ஒன்றைக்கூடப் பதுங்கித் தாக்கும் விலங்குகள் கொல்லவில்லை. வெறும் சிலுவைக்கோடு போட்ட 543-ல் 4 செத்தன. எதுவும் வரையாத 835-ல் 15. பார்க்கப்பட்டுவிட்டோம் என்று எண்ணிச் சிங்கம் பின்வாங்குகிறது போலும். மனிதர் விஷயம் இவ்வளவு தெளிவில்லை. நியூகாசில் பல்கலைக்கழகத்தில் தேநீர்க் காசைத் தாமே போட்டுவிட்டுப் போகும் பெட்டிக்கு மேல் ஒரு ஜோடிக் கண்ணின் படம் ஒட்டியபோது, பூப்படம் ஒட்டிய வாரங்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு காசு விழுந்ததாக 2006-ல் ஓர் ஆய்வு சொன்னது. பின்னர் அதைத் திரும்பச் செய்தவர்களில் சிலருக்கு அது பலிக்கவில்லை.

மேற்குப் புறநகர்ச் சுவர்களில் 2017-க்குப் பிறகு வேறொரு கண் ஏறியிருக்கிறது. தெருதோறும் கேமரா பொருத்தச் சொல்லி சென்னைக் காவல்துறை நடத்திய இயக்கத்துக்கு 'மூன்றாவது கண்' என்று பெயர். 2022 ஜனவரியில் ஆவடிக்கெனத் தனிக் காவல் ஆணையரகம் பிரிந்த பிறகும் கம்பங்களில் கேமராக்கள் கூடிக்கொண்டே போகின்றன. கேமராவுக்குப் புருவமும் இல்லை, மீசையும் இல்லை. புதிதாகக் கட்டும் வீட்டுக்காரர் அதையும் மாட்டிக்கொள்கிறார், சாரத்தில் பொம்மையையும் கட்டிக்கொள்கிறார். கேமரா திருடனுக்கு, பொம்மை பக்கத்து வீட்டாருக்கு.